கம்ப்யூட்டரில் ஒரு வாசல் அடைபட்டால்: கணக்கைக் காப்பது எப்படி?

நம் உறுப்பினர் கடைகளில் இன்று கம்ப்யூட்டர் இல்லாத கடை குறைவு. பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்புவது எல்லாம் அதில்தான். அண்மைக் காலமாகப் பல கடைகளில் ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயக்க முறைமைகளை வைத்திருக்கிறார்கள். கணக்கு மென்பொருளும் பில் பிரிண்டரும் விண்டோஸில் ஓடும். இணையம், வங்கி வேலை, கடிதம் ஆகியவற்றுக்கு உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள், வீட்டுப் பிள்ளைகளின் உதவியோடு லினக்ஸையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்கள். சிக்கனமான யோசனைதான். தவறில்லை.

ஆனால் இப்படி இரண்டு முறைமை உள்ள கம்ப்யூட்டரில் ஒருநாள் காலை ஒன்று வரும், மற்றொன்று வராது. அப்போது என்ன செய்வது, முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்பதை வணிகருக்குப் புரியும் விதத்தில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பழுதை நீங்களே முழுவதும் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. பழுது பார்க்க வருபவரிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

சரக்கு வேறு, வாசல் வேறு

பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டருக்குள் நடப்பதை ஒரு மண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலில் விழிப்பது தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல். பழைய கம்ப்யூட்டரில் இதற்கு பயாஸ் என்று பெயர். புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. இவரைக் காவல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காவல்காரர் டிஸ்கைப் பார்த்து, அதன் தொடக்கத்தில் இருக்கும் ஏற்று நிரலை எழுப்புகிறார். இவர் வாசல் குமாஸ்தா. விண்டோஸுக்கு இந்தக் குமாஸ்தாவின் பெயர் விண்டோஸ் பூட் மேனேஜர். லினக்ஸுக்குப் பெரும்பாலும் கிரப். இரண்டு முறைமை உள்ள கம்ப்யூட்டரில் கிரப்தான் முன்னால் நின்று, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பட்டியல் காட்டி நம்மைக் கேட்கும். நாம் தேர்ந்தெடுத்த பிறகுதான் விண்டோஸோ லினக்ஸோ எழுந்து வரும்.

பழைய பயாஸ் முறையில் இந்த வாசல் டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் அடங்கிவிடும். அதில் 446 பைட் ஏற்று நிரல், 64 பைட் டிஸ்க் பிரிவுகளின் அட்டவணை, 2 பைட் முத்திரை. யு.இ.எஃப்.ஐ. முறையில் இதற்கென்றே டிஸ்கில் ஒரு சிறு பிரிவு இருக்கிறது. விண்டோஸ் தானே அமைக்கும்போது பெரும்பாலும் 100 எம்.பி. அளவில்தான் அதை ஒதுக்கும். விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை என்று இரண்டும் அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

உங்கள் பேரேடு, வாடிக்கையாளர் நிலுவை, இருப்புக் கணக்கு ஆகியவை இருப்பது வேறு பிரிவில். அது கிடங்கு. ஒரு முறைமை மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் கெட்டுப்போனது வாசல்தான். கிடங்கில் சரக்கு அப்படியே இருக்கும். வாசல் பூட்டு திறக்கவில்லை என்பதற்காக யாராவது கிடங்கை இடிப்பார்களா? பழுது பார்க்க வருபவர் எடுத்த எடுப்பில் "ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுவிடலாம்" என்று சொன்னால், அது ஏறக்குறைய கிடங்கை இடிக்கும் யோசனைதான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இதில் சட்டமும் இருக்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குப் புத்தகங்களை அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை நாம் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைத்த கணக்கும் புத்தகம்தான். வழக்கு, மேல்முறையீடு இருந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டியிருக்கும். "ஃபார்மட்டில் போய்விட்டது" என்பது அதிகாரியிடம் சொல்லத்தக்க பதிலாக இருக்காது.

முதல் சோதனை: ஒரு சாவி

பழுது என்றதும் முதலில் செய்ய வேண்டியது செலவில்லாதது. கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி பட்டனை அழுத்தி, கம்பெனியின் சின்னம் திரையில் தெரியும்போதே பூட் மெனு சாவியைத் தட்ட வேண்டும். டெல், லெனோவா கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் எஃப் 12. எச்.பி.யில் எஃப் 9 அல்லது முதலில் எஸ்கேப் சாவி. கடைகளில் கூட்டிச் சேர்த்த கம்ப்யூட்டரில் பலகைக்குப் பலகை மாறும். எஃப் 8, எஃப் 11, எஃப் 12 ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம்.

யு.இ.எஃப்.ஐ. கம்ப்யூட்டராக இருந்தால் ஒரு சிறு பட்டியல் வரும். அதில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்று ஒரு வரியும், உபுண்டு என்று ஒரு வரியும் இருக்கும். லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்களுக்கும் அது பெரும்பாலும் உபுண்டு என்ற பெயரிலேயே தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வராத முறைமையின் வரியைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். பாதிப் பழுதுகள் இந்த இடத்திலேயே தெளிந்துவிடும்.

எங்கள் வீதியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். மாதத்தின் ஒன்பதாம் தேதி காலை கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரை. அதில் கிரப் என்ற சொல்லும், பக்கத்தில் கண்சிமிட்டும் ஒரு கோடும் மட்டும். மாதந்தோறும் கணக்கு அனுப்புபவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 அனுப்பக் கெடு பதினொன்றாம் தேதி. பார்க்க வந்தவர், "விண்டோஸ் போய்விட்டது, புதிதாகத்தான் போடவேண்டும்" என்றார். மூன்று வருடக் கணக்கு அதில் இருந்தது. முந்தைய நாள் யார் என்ன செய்தார்கள் என்று விசாரித்தோம். டிஸ்கில் இடம் போதவில்லை என்று நண்பரின் மகன் விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பிரிவை நீக்கியிருந்தார். நீங்கியது லினக்ஸின் அறை. வாசலில் நின்ற கிரப் அந்த அறையைத் தேடிப் பார்த்துவிட்டு, வழி தெரியாமல் திகைத்து நின்றுவிட்டது. விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஃப் 12 தட்டி விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டு நிமிடத்தில் கணக்கு திறந்தது. அன்றே பென் டிரைவில் நகல் எடுத்தார்கள். பத்தாம் தேதி கணக்கு அனுப்பியாயிற்று. பழுது பார்க்க வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பூட் மெனுவில் பார்த்தீர்களா?" என்பதே.

இரண்டாவது வேலை: நகல்

பூட் மெனுவிலும் விண்டோஸ் வரவில்லை என்றால், சரிசெய்யும் வேலையைத் தொடங்குவதற்கு முன் கணக்கை வெளியே எடுத்துவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

அதற்கு உபுண்டு ஏற்றிய ஒரு பென் டிரைவ் போதும். 8 ஜி.பி. அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். வேறு ஒரு கம்ப்யூட்டரில் தயார் செய்துகொள்ளலாம். அதைச் செருகி, பூட் மெனுவில் அந்த யு.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்கைத் தொடாமலேயே உபுண்டு நினைவகத்தில் ஓடும். "நிறுவு" என்பதைத் தொடாமல், "முயன்று பார்" என்ற பொருள் தரும் வரியை மட்டும் அழுத்துங்கள். கோப்புகளைக் காட்டும் சாளரத்தைத் திறந்தால் இடது பக்கம் விண்டோஸ் பிரிவு தெரியும். அதற்குள் கணக்கு மென்பொருளின் டேட்டா கோப்புறையைக் கண்டுபிடித்து, மற்றொரு பென் டிரைவில் நகல் எடுக்க வேண்டும். உங்கள் லினக்ஸ் நன்றாக வருகிறது என்றால் யு.எஸ்.பி. கூடத் தேவையில்லை. அதற்குள் இருந்தே இதைச் செய்யலாம்.

இங்கே இரண்டு தடை வரலாம். ஒன்று, விண்டோஸ் பிரிவு "படிக்க மட்டும்" என்று திறக்கும். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி உண்டு. அணைக்கும்போது விண்டோஸ் முழுதும் உறங்காமல் அரைத் தூக்கத்தில் இருக்கும். அதனால் லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். நகல் எடுக்கப் படிப்பது போதும். ஆகவே கட்டாயப்படுத்தி எழுதத் திறக்க வேண்டாம். இரண்டு, பிட்லாக்கர் பூட்டு. டிஸ்க் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். புதிய லேப்டாப்களில் இது நாம் கேட்காமலே போடப்பட்டிருக்கலாம். அந்தச் சாவி பெரும்பாலும் நீங்கள் உள்ளே நுழையப் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகி இருக்கும். செல்போனில் இருந்தே எடுத்து எழுதிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. செட்டப் திரையில் டிஸ்கின் பெயரே தெரியவில்லை என்றாலோ, டிஸ்கில் இருந்து டக், டக் என்று சத்தம் வந்தாலோ, இது வாசல் பழுதல்ல, கிடங்கே பழுது. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல் உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்டுத் தருவதில் தேர்ந்தவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஓட விடுவதும் நஷ்டத்தைக் கூட்டும்.

குறியைக் கொண்டு காரணத்தை அறிவது

1. விண்டோஸ் மட்டும் நேராக வருகிறது, தேர்வுப் பட்டியலே காணோம்: விண்டோஸை மறுபடி போட்டாலோ, பெரிய புதுப்பிப்பு வந்தாலோ அது தன்னை முதல் இடத்தில் வைத்துக்கொள்வதுண்டு. லினக்ஸ் அழியவில்லை. யு.இ.எஃப்.ஐ. கம்ப்யூட்டரில் செட்டப் திரைக்குள் போய், பூட் வரிசையில் உபுண்டுவை முதலில் வைத்தால் போதும். பழைய பயாஸ் கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. உபுண்டு மூலம் கிரப்பை மறுபடி எழுத வேண்டும். பூட்-ரிப்பேர் என்ற இலவசக் கருவி இதற்கு உண்டு. ஒரு நிபந்தனை: லினக்ஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ, யு.எஸ்.பி.யும் அதே முறையில் கிளம்ப வேண்டும். யு.இ.எஃப்.ஐ. முறையில் போட்டதை பயாஸ் முறையில் கிளப்பிய யு.எஸ்.பி. கொண்டு சரிசெய்யப் போனால் பழுது இரட்டிக்கும்.

2. கிரப் பட்டியல் வருகிறது, அதில் விண்டோஸ் வரி மட்டும் இல்லை: கிரப்பின் 2.06 பதிப்பு 2021-இல் வந்தது. அது முதல், பக்கத்து முறைமைகளைத் தேடும் ஓ.எஸ்.-புரோபர் என்ற வேலை பாதுகாப்பு கருதி இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டது. அதனால் லினக்ஸ் புதுப்பிப்புக்குப் பிறகு விண்டோஸ் வரி மறைந்துபோகலாம். லினக்ஸுக்குள் போய், கிரப்பின் அமைப்புக் கோப்பில் அந்தத் தடையை நீக்கி, அப்டேட்-கிரப் என்ற கட்டளையைக் கொடுத்தால் வரி திரும்பி வரும். அதுவரை பூட் மெனு சாவியாலேயே விண்டோஸுக்குள் போய் வேலையைப் பார்க்கலாம்.

3. கிரப் அல்லது கிரப் ரெஸ்க்யூ என்று கறுப்புத் திரை: லினக்ஸ் பிரிவு நீக்கப்பட்டிருக்கும் அல்லது நகர்த்தப்பட்டிருக்கும். பருப்புக் கடையில் நடந்தது இதுதான். பழைய பயாஸ் கம்ப்யூட்டராக இருந்து விண்டோஸ் மட்டும் போதும் என்றால், விண்டோஸ் நிறுவும் யு.எஸ்.பி.யில் கிளம்பி, பழுது பார்க்கும் பகுதியில் பூட்ரெக் கருவியின் ஃபிக்ஸ் எம்.பி.ஆர். கட்டளையைக் கொடுக்கலாம். அது ஏற்று நிரலை மட்டும் புதிதாக எழுதும். பிரிவுகளின் அட்டவணையைத் தொடாது.

4. விண்டோஸைத் தேர்ந்தெடுத்தாலும் நீலத்திரை வந்து திரும்பிவிடுகிறது: விண்டோஸ் யு.எஸ்.பி.யில் கிளம்பி ஸ்டார்ட்டப் ரிப்பேர் கொடுத்துப் பார்க்கலாம். யு.இ.எஃப்.ஐ. கம்ப்யூட்டரில் வாசல் கோப்புகளை மீண்டும் உண்டாக்க பி.சி.டி. பூட் என்ற கட்டளை உண்டு. இது தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை.

5. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், எஸ்-பேட் சோதனை தோற்றது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டி அணைந்துவிடுகிறது: 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு உலகெங்கும் பல இரட்டை முறைமைக் கம்ப்யூட்டர்களில் வந்த பழுது இது. பாதுகாப்புக் குறை உள்ள பழைய லினக்ஸ் ஏற்று நிரல்களைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு, இரட்டை முறைமைக் கம்ப்யூட்டர்களையும் பிடித்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் இதை ஒப்புக்கொண்டு, 2025 மே மாதப் புதுப்பிப்பில் தீர்வு தந்தது. நெடுநாள் புதுப்பிக்காமல் மூலையில் கிடந்த கம்ப்யூட்டரில் இது இன்னும் தலைகாட்டலாம். செட்டப் திரையில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், மோக்-யூட்டில் கருவியால் எஸ்-பேட் கொள்கையை நீக்கி, லினக்ஸையும் புதுப்பித்து, பிறகு செக்யூர் பூட்டைத் திரும்பப் போடவேண்டும். செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கர் சாவி கையில் இருக்கட்டும். அதைத் தொட்டதுமே விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

6. கடிகாரத்தில் பல ஆண்டு பழைய தேதி காட்டுகிறது, கூடவே ஒரு முறைமை வரவில்லை: தாய்ப்பலகையில் இருக்கும் காசு போன்ற சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்ற எண்ணுள்ள 3 வோல்ட் பேட்டரி. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். பேட்டரி தீர்ந்தால் செட்டப் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். டிஸ்கை அணுகும் முறை ஏ.எச்.சி.ஐ., ரெய்டு ஆகியவற்றுக்கிடையே மாறினாலோ, யு.இ.எஃப்.ஐ. முறை பயாஸ் முறையாக மாறினாலோ, முன்பு நிறுவிய முறைமை எழும்பாது. பேட்டரியை மாற்றி, அமைப்பை முன்பு இருந்தபடி வைத்தால் சரியாகிவிடும். தேதியைத் திருத்தாமல் பில் போடத் தொடங்கிவிடாதீர்கள். பழைய தேதியில் விழுந்த பில்லைத் திருத்துவது பெரிய தலைவலி.

வேலை நிற்கும் நேரத்தில் வியாபாரம்

கம்ப்யூட்டர் சரியாகும்வரை வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப முடியாது. ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், வரிசையாக, அந்த நிதியாண்டில் ஒரே எண் இருமுறை வராமல் இருக்கவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆகவே கைப்பில்லுக்கென்று தனி முன்னெழுத்தோடு ஒரு பில் புத்தகம் அச்சடித்து வைத்திருங்கள். கம்ப்யூட்டர் வரிசையின் அடுத்த எண்ணை நினைவில் கொண்டு கையால் எழுதினால் பின்னால் எண் மோதும். கைப்பில் வரிசையையும் ஜி.எஸ்.டி.ஆர்-1-இன் 13-ஆம் அட்டவணையில் காட்டவேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் வணிகர்களுக்கிடையேயான விற்பனைக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். அவர்கள் கைப்பில்லோடு நின்றுவிட முடியாது. வேறு கம்ப்யூட்டரில் இருந்து தளத்தில் பதிந்து எண் பெறவேண்டும். அதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பழுதான கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருந்தால் என்ன பயன்?

கம்ப்யூட்டருக்கு ஒரு ஜாதகம்

நன்றாக ஓடும் இன்றே ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்துவிடுங்கள்.

பூட் மெனு சாவி எது, செட்டப் சாவி எது.

கம்ப்யூட்டர் யு.இ.எஃப்.ஐ. முறையா, பயாஸ் முறையா. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பயாஸ் மோடு என்ற வரியில் தெரியும். லெகசி என்று இருந்தால் பழைய முறை.

டிஸ்கை அணுகும் முறை ஏ.எச்.சி.ஐ.யா, ரெய்டா. செட்டப் திரையைச் செல்போனில் படம் எடுத்து வைத்தாலும் போதும்.

எந்தப் பிரிவு விண்டோஸ், எந்தப் பிரிவு லினக்ஸ், ஒவ்வொன்றும் எத்தனை ஜி.பி.

கணக்கு மென்பொருளின் டேட்டா எந்தக் கோப்புறையில் இருக்கிறது, உரிமம் எந்த மின்னஞ்சலில் பதிவாகியுள்ளது.

பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவி. இதை மட்டும் தனித்தாளில் எழுதி இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள்.

இத்துடன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை நிறுத்திவிடுவது இரட்டை முறைமைக் கம்ப்யூட்டருக்கு நல்லது. கன்ட்ரோல் பேனலில் பவர் பகுதியில் அது இருக்கிறது. கணக்கு நகலுக்கு இரண்டு பென் டிரைவ் வைத்துக்கொண்டு, ஒன்றை ஒருநாள், மற்றதை மறுநாள் என்று மாற்றி மாற்றி எடுங்கள். அன்றைய நகல் இரவு வீட்டுக்குப் போகட்டும். கல்லாவை எண்ணிப் பூட்டாமல் நாம் கடை அடைப்பதில்லை. நகல் எடுப்பதையும் அந்த வேலையோடு சேர்த்துவிட்டால் மறக்காது. மாதம் ஒருமுறை நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துக்கொள்ளவும் வேண்டும். திறக்காத நகல் நகலே அல்ல.

பழுது பார்ப்பவர்கள் எல்லோரையும் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். நாளைக்குப் பத்து கடை ஏறி இறங்குபவர்களுக்கு, புதிதாகப் போட்டுவிடுவது அரைநாளில் முடியும் வேலை. காரணம் தேடுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கணக்கு அவர்களுடையது அல்ல, நம்முடையது. ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாம்தான். "முதலில் பூட் மெனு, இரண்டாவது நகல், மூன்றாவது காரணம், கடைசியாகத்தான் ஃபார்மட்" என்ற நான்கையும் உங்கள் கணக்குப்பிள்ளைக்கும் கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள். நீங்கள் கடையில் இல்லாத நாளில்கூட உங்கள் பேரேடு பத்திரமாக இருக்கும்.